கொய்யா மரத்தில் ஒட்டியிருக்கும் செத்த வண்டுகள்: நோயா, ஒட்டுண்ணியா?

கேள்வி, ஏப்ரல் 13

தோட்டத்துக் கொய்யா மரத்தில் பழுப்பு நிறத்தில் செத்த வண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. போன வாரம் இரண்டு மூன்றுதான் இருந்தன. இன்று காலை எண்ணினால் பதினொன்று. எல்லாவற்றுக்கும் முதுகில் ஒரே இடத்தில் பிளவு. உள்ளே ஒன்றுமே இல்லை, தொட்டால் சருகு மாதிரி நொறுங்குகிறது. ஏதோ ஒட்டுண்ணி உள்ளே இருந்து தின்றுவிட்டு முதுகைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது என்பது என் சந்தேகம். மரத்துக்கும் பரவுமா? பூச்சிமருந்து அடித்துவிடலாமா?

ஏப்ரல் 14, காலை

மருந்து டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அங்கே எதுவும் சாகவில்லை. அது சில்வண்டு கழற்றிப் போட்ட சட்டை. பாம்பு சட்டை உரிக்கிறதே, அதே கதைதான். முதுகுப் பிளவு வழியாக ஆள் வெளியேறி மேலே போய்விட்டது. இந்நேரம் ஏதாவது கிளையில் உட்கார்ந்து உங்கள் காதைத் துளைத்துக்கொண்டிருக்கும்.

ஒட்டுண்ணி என்று நினைத்ததற்குச் சிரிக்க மாட்டேன். சிரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. முதன்முதலில் என் தோட்டத்தில் இதைப் பார்த்தபோது துடைப்பத்தால் இருபது முப்பதைத் தட்டிக் கூட்டி, சருகோடு சேர்த்துக் கொளுத்தினேன். பெரிய கொள்ளைநோயை முளையிலேயே கிள்ளிவிட்ட திருப்தியோடு கை கழுவிக்கொண்டு உள்ளே போனேன். மறுநாள் காலையில் அதே மரத்தில் இன்னும் ஒன்பது.

ஏப்ரல் 14, அரை மணி நேரம் கழித்து

என் பேச்சை நம்ப வேண்டாம். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். நகம் மரப்பட்டையில் மாட்டியிருக்கும், இழுத்தால் கால் மட்டும் மரத்தில் தங்கிவிடும். கொஞ்சம் மேல்நோக்கித் தள்ளினால் தானே விட்டுக்கொடுக்கும். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்.

முன்னங்காலைப் பாருங்கள். நண்டுக் கொடுக்கு மாதிரி தடித்து, உள்பக்கம் பல் வைத்திருக்கும். பறக்கிற பூச்சிக்கு இப்படி ஒரு கால் எதற்கு? மண் தோண்டத்தான். கால் இடுக்கில் காய்ந்த சேறுகூட இருக்கும். அடுத்தது கண். கண் அப்படியே இருக்கிற மாதிரித் தோன்றும், ஆனால் கண்ணாடி போல அந்தப் பக்கம் தெரியும். கண்ணின் மேல்தோலும் சட்டையோடு கழன்று வந்துவிடுகிறது. மீசை போன்ற உணர்கொம்புக்கும் உறை, உறிஞ்சும் குழலுக்கும் உறை. நம் சட்டைக்குக் கை இருக்கிறது, காலர் இருக்கிறது. இதற்குக் கண்ணும் மூக்கும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்.

(மூக்கு என்று எழுதியது தப்பு. பூச்சிக்கு மூக்கு ஏது? அதற்குத்தான் வருகிறேன்.)

பிளவின் ஓரத்தில் வெள்ளை நூல் நாலைந்து இழை தொங்கும். அதைப் பூஞ்சை என்றே நான் நம்பியிருந்தேன். கொளுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். உண்மையில் அது மூச்சுக்குழாயின் உட்பூச்சு. பூச்சிகள் உடம்பின் பக்கவாட்டில் இருக்கும் துளைகள் வழியாக மூச்சு விடுகின்றன. அந்தத் துளையிலிருந்து உள்ளே போகும் குழாய்களின் உள்சுவரும் மேல்தோலின் தொடர்ச்சிதான். ஆகவே தோல் உரியும்போது குழாயின் உறையும் உருவிக்கொண்டு வருகிறது. கையுறையை வேகமாகக் கழற்றினால் விரல் பகுதி உள்வெளியாகத் திரும்புமே, கிட்டத்தட்ட அப்படி.

ஏப்ரல் 14, மதியம்

பெயரைப் பற்றி ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார். சில்வண்டு என்பது இரவில் சுவரிடுக்கில் கத்துவது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார். அவர் சொல்வது சுவர்க்கோழி. இரண்டையும் சில்வண்டு என்று சொல்கிறவர்கள் உண்டு என்பதால் குழப்பம். சுவர்க்கோழி வெட்டுக்கிளி வகை, இறக்கையை இறக்கையோடு உரசிச் சத்தம் போடும். நாம் பேசுவது மரத்தில் உட்கார்ந்து பட்டப்பகலில் ரம்பம் அறுக்கிற ஆள்.

இன்னொரு சங்கடம், சில்வண்டு வண்டே அல்ல. வண்டுக்கு மேலிறக்கை ஓடு மாதிரி கெட்டியாக இருக்கும், கடித்து மெல்லும் வாய் இருக்கும். இதற்கு இருப்பது உறிஞ்சும் குழல். சொந்தக்காரர்கள் யார் என்று பார்த்தால் அசுவினி, தத்துப்பூச்சி, தூரத்து உறவில் மூட்டைப்பூச்சி. கல்யாணப் பத்திரிகையில் போட முடியாத உறவு.

பழைய பாட்டுகளில் இதற்குச் சிள்வீடு என்று பெயர். வறண்ட வழியில், இலை உதிர்ந்த மரத்தில் கறங்குகிற சத்தமாக வரும். ஒலியை வைத்துத்தான் அப்போதும் பெயர். ஆளைப் பார்த்துப் பெயர் வைக்க அது எங்கே தரிசனம் கொடுத்தது?

ஏப்ரல் 15, இரவு 11.40

நேற்று எழுதியதெல்லாம் சட்டையைப் பற்றி. இன்று ஆளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அக்கா மகளுக்கு ஏழு வயது, விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அவள்தான் முதலில் பார்த்தாள். "மாமா, சட்டை நடக்குது!"

எட்டே கால் மணி. எலுமிச்சை மரத்தடியில் விரல் நுழையும் அளவு ஓட்டை, அதிலிருந்து ஒரு முழம் தள்ளி அது நடந்துகொண்டிருந்தது. நடை என்றால் நடை இல்லை, தரையில் ஒவ்வொரு காலையும் ஊன்றிப் பார்த்து அடுத்ததை எடுக்கிற தயக்கம். அடிமரத்தை அடைந்து இடுப்பு உயரத்துக்கு ஏறியது. நின்றது. கொஞ்சம் இப்படித் திரும்பி அப்படித் திரும்பி, நகங்களைப் பட்டையில் அழுத்தி மாட்டிக்கொண்டது. அப்புறம் அரை மணி நேரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை கொட்டாவி விட்டாள்.

ஒன்பது மணி வாக்கில் முதுகில் ஒரு வெளிர்கோடு. கோடு அகலமானது. அதற்குள்ளிருந்து முதுகு, பால் வெள்ளையும் இளம்பச்சையுமாகப் புடைத்துக்கொண்டு வந்தது. அடுத்து தலை. கண் மட்டும் கறுப்பு, மற்றதெல்லாம் மெழுகு நிறம். கால்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தது. முழுதாகச் சாய்ந்து, தலை கீழே தொங்க, வயிற்று நுனி மட்டும் சட்டைக்குள் மாட்டியிருக்க, அப்படியே இருந்தது. விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். அது கால் கெட்டிப்படக் காத்திருந்திருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து எம்பி எழுந்து, தான் கழற்றிய சட்டையின் தலையையே பிடித்துக்கொண்டு, வாலை உருவி எடுத்தது.

அப்போது இறக்கை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தோளில் கசங்கிய இரண்டு துணுக்குகள், நனைந்த காகிதத்தை உருட்டி வைத்த மாதிரி. அதற்குள் உடம்புச்சாறு ஏற ஏற அவை விரிந்தன. விரிவதைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் ஒரு நிமிடம் வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் நீளம் கூடியிருக்கும். ஓரத்தில் பச்சை நரம்பு ஓடுவது டார்ச் வெளிச்சத்தில் அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது. பத்து மணிக்கு இறக்கை வயிற்றைத் தாண்டி வந்துவிட்டது. இப்போது அது இறக்கையை முதுகில் கூரை மாதிரி மடித்துக்கொண்டு, தன் சட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நிறம் இன்னும் ஏறவில்லை. காலைக்குள் கறுத்துப் போய்விடும்.

குழந்தை தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 16

அவள் காலையில் கேட்ட முதல் கேள்வி: "இது எத்தனாவது சட்டை?"

ஐந்தாவது. முட்டையிலிருந்து வந்த பிறகு மண்ணுக்குள் ஐந்து பருவம். முதல் நாலு சட்டையும் மண்ணுக்குள்ளேயே கழற்றப்பட்டு மட்கிப் போய்விட்டன. நாம் பார்ப்பது கடைசிச் சட்டை மட்டும்.

ஏப்ரல் 17

பதினைந்தாம் தேதிக் குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன்.

அன்று இரவு இரண்டு வந்தன. இரண்டாவது, சட்டையிலிருந்து முழுதாக வெளியே வந்து இறக்கை விரியத் தொடங்கிய நேரத்தில், கீழிருந்து சிவப்பு எறும்பு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. எறும்பு தின்றுவிடும் என்று பதறி, விரலை நீட்டி அதை ஏற்றிப் பக்கத்துக் கிளைக்கு மாற்றினேன். ஏறியது. அதற்குள் என் கட்டைவிரல் இடது இறக்கையில் பட்டுவிட்டது. பட்டது என்றால், ஈரத்துணியில் விரல் வைத்தது போல, அவ்வளவுதான். காலையில் போய்ப் பார்த்தால் வலது இறக்கை அழகாக, கண்ணாடி மாதிரி. இடது இறக்கை பாதியில் மடங்கி அப்படியே காய்ந்திருந்தது. இனி விரியாது, காய்ந்தால் காய்ந்ததுதான். பறக்க எம்பி எம்பித் தரையில் விழுந்தது. நாலைந்து தடவை எடுத்துக் கிளையில் விட்டேன். சாயங்காலம் காணோம். எறும்பு வரிசை மட்டும் இருந்தது.

நான் தொடாமல் இருந்திருந்தாலும் எறும்பு பிடித்திருக்குமோ என்று இன்று முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எறும்பு அதன் பக்கம் திரும்பவே இல்லை, வேறு கிளைக்குத்தான் போனது என்பது இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது கவனிக்கவில்லை.

தெரிந்துகொண்டது இது: முதுகு பிளக்காத நிலையில் தரையில் தடுமாறினால், ஒரு குச்சியை மரத்தின்மேல் சாய்த்து வையுங்கள், ஏறிக்கொள்ளும். பிளந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

ஏப்ரல் 18

முதல் குறிப்பில் "உங்கள் காதைத் துளைத்துக்கொண்டிருக்கும்" என்று எழுதினேன். பாதிதான் சரி. பாடுவது ஆண் மட்டும். கிளையில் உட்கார்ந்திருப்பது பெண் என்றால் பாட்டுக் கிடையாது. சில இனங்களில் பெண் இறக்கையைச் சொடுக்கிப் பதில் சொல்லும், அதோடு சரி.

தொடையை உரசிச் சத்தம் போடுகிறது என்று ஒருவர் சொல்கிறார். இல்லை. ஆணின் வயிறு தொடங்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக வரிவரியான மெல்லிய தகடு. உள்ளே அதோடு இணைந்த தசை இழுத்தால் தகடு குழிந்து 'டக்', விட்டால் மீண்டும் 'டக்'. தகர டப்பா மூடியின் நடுவே அழுத்தி விடுங்கள், புரியும். இதையே விநாடிக்குச் சில நூறு தடவை செய்தால் தனித்தனி டக் காதில் விழாது, ஒரே ரீங்காரம்தான். வயிறு பெரும்பாலும் காற்று நிரம்பிய வெற்றறை. தம்புராவுக்குக் குடம் மாதிரி. உரத்த சில இனங்கள் மிக அருகில் 120 டெசிபலைத் தொடும், அது காது வலிக்கிற அளவு.

இத்தனை சத்தத்தில் அதன் காது என்னாகும்? காது வயிற்றில்தான் இருக்கிறது. பாடும்போது ஆண் தன் செவிச்சவ்வைத் தளர்த்தி மடித்துக்கொள்ளும். வீட்டில் மிக்சி போடுகிறவர் நம் காதைப் பற்றிக் கவலைப்படாமல் தன் காதை மட்டும் பொத்திக்கொண்டால் எப்படி இருக்கும்?

பிரான்சைச் சேர்ந்த பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாபர் தன் வீட்டு மரத்தடியில் திருவிழாவுக்கு வெடிக்கும் பீரங்கி இரண்டைக் கொண்டுவந்து வெடித்துப் பார்த்தார். மேலே இருந்த சில்வண்டுகள் பாட்டை நிறுத்தவே இல்லை. இவற்றுக்குக் காது மந்தம் என்று முடிவு கட்டினார். பின்னால்தான் தெரிந்தது, அவற்றுக்குக் காது நன்றாகவே கேட்கும், ஆனால் தன் இனத்துப் பாட்டின் சுருதிக்குத்தான் கூர்மை அதிகம். பீரங்கி எந்தச் சில்வண்டின் குரலும் அல்லவே.

ஏப்ரல் 18, இரவு

அதே ஆள் நான் மரத்துக்குப் பக்கத்தில் போனதும் மட்டும் கப்சிப். பீரங்கிக்கு அஞ்சாதவன் செருப்பு நிழலுக்கு அஞ்சுகிறான். கண் நன்றாகத் தெரியும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பெரிய கண் இரண்டு, நடுவே சின்னக் கண் மூன்று.

ஏப்ரல் 20

மரத்துக்குக் கெடுதலா என்ற உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, பேச்சு எங்கெங்கோ போய்விட்டது.

மண்ணுக்குள் இருக்கும் குஞ்சு வேரில் குழலைச் செருகிச் சாறு உறிஞ்சும். எந்தச் சாறு என்பதில்தான் விஷயம். அசுவினி உறிஞ்சுவது இலை தயாரித்த சர்க்கரைச் சாறு. சில்வண்டு உறிஞ்சுவது வேரிலிருந்து மேலே ஏறும் நீர்க்குழாயை, அதாவது சைலத்தை. அதில் இருப்பது வெறும் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே. சத்து அவ்வளவு குறைவு என்பதால் அதன் குடலோடு சேர்ந்து வாழும் பாக்டீரியாக்கள்தான் தேவையான அமினோ அமிலங்களைச் செய்து தருகின்றன. வளர்ச்சி ஆமை வேகம். ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் கிடப்பதற்கு இந்தத் தரித்திரச் சாப்பாடும் ஒரு காரணம். வளர்ந்த மரம் இதை உணர்கிற மாதிரியே தெரியாது.

(குடலோடு என்பது தப்பு. அந்தப் பாக்டீரியாக்கள் வயிற்றுக்குள் தனி உறுப்புகளில் இருக்கின்றன, குடலில் அல்ல.)

வெளியே வந்த பெரியதும் கிளையில் அதையேதான் உறிஞ்சும். இலையைத் தின்னாது, காயைக் கடிக்காது, ஆளைக் கொட்டாது. கையில் ரொம்ப நேரம் வைத்திருந்தால் நம்மை மரம் என்று நினைத்துக் குழலைச் செருகிப் பார்க்கலாம். சுருக்கென்று இருக்கும், விஷம் கிடையாது.

கெடுதல் வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. பெண் மெல்லிய சிம்புகளைக் கீறி அந்தக் கீறலுக்குள் முட்டை வைக்கும். கீறிய இடத்துக்கு மேலே நுனி வாடிப் பழுப்பாகத் தொங்கும். பெரிய மரத்துக்கு அது லேசாகக் கவாத்து செய்த மாதிரி. நட்டு ஒன்றிரண்டு ஆண்டே ஆன கன்று என்றால், அதுவும் கூட்டம் அதிகம் என்றால், ஒரு சென்டிமீட்டருக்குள் கண்ணுள்ள வலையைப் போர்த்தி அடியில் கட்டிவிடுங்கள். மருந்து வேண்டாம், பறந்து வருகிறதற்கு மருந்து அடித்து மாளாது.

ஏப்ரல் 20, சற்று முன்

மேலே சத்து குறைவு என்றேன். சத்து குறைவென்றால் நிறையக் குடிக்க வேண்டும், நிறையக் குடித்தால் நிறையக் கழிக்க வேண்டும். மரத்தடியில் நின்று இதைக் குழந்தைக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது நெற்றியில் துளி விழுந்தது. "மாமா, தூறுது" என்றாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

சின்ன உறிஞ்சும் பூச்சிகள் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். இது பீய்ச்சி அடிக்கும். 2024இல் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள், விநாடிக்கு 3 மீட்டர் வேகம் வரை. விஞ்ஞானத்துக்காக நெற்றியைக் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ.

ஏப்ரல் 23

"ஏழு வருஷம் மண்ணுக்குள் இருந்து ஏழு நாள் வாழும்" என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு எண்ணும் எனக்கு எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் பதில் இல்லை. வெளியே வந்த பிறகு சில வாரங்கள் வாழும். மண்ணுக்குள் இருக்கும் காலம் இனத்துக்கு இனம் மாறும், பலவற்றுக்கு 2 முதல் 5 ஆண்டு. உலகில் பெயரிடப்பட்ட சில்வண்டு இனங்கள் 3,000க்கு மேல். எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு எப்படி இருக்கும்?

உங்கள் மரத்தில் வருவது வருஷா வருஷம் வருகிறதென்றால் அது ஒரே ஆண்டில் வளர்ந்தது என்று அர்த்தமில்லை. வெவ்வேறு ஆண்டில் மண்ணுக்குள் போன பிள்ளைகள், இந்த ஆண்டு இவன், அடுத்த ஆண்டு அவன் என்று முறை வைத்து வருகிறார்கள்.

முறை வைக்காமல் மொத்தமாக வருகிறவை உண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மேஜிசிகாடா என்ற பேரினம், மொத்தம் 7 இனங்கள். சிலவற்றுக்கு 13 ஆண்டு, சிலவற்றுக்கு 17. மண் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் சுமார் 18 டிகிரி செல்சியஸுக்குச் சூடானதும் சில நாளுக்குள் எல்லாம் வெளியே. நெருக்கமான இடங்களில் ஏக்கருக்கு 15 லட்சம் வரை. பறவைகள் வயிறு வெடிக்கத் தின்றாலும் மிச்சம் இருக்கும், அதுதான் தந்திரம். வெவ்வேறு ஆண்டில் வருகிற தொகுதிகளுக்கு 1898இல் சார்லஸ் மார்லட் என்ற பூச்சியியலாளர் ரோமன் எண் போட்டார். 2024இல் 17 ஆண்டுக்காரர்களில் பதின்மூன்றாம் தொகுதியும் 13 ஆண்டுக்காரர்களில் பத்தொன்பதாம் தொகுதியும் ஒரே ஆண்டில் வந்தன. அதற்கு முன் அப்படி வந்தது 1803இல். இனி 2245இல். 13ஐ 17ஆல் பெருக்கிப் பாருங்கள், 221.

மண்ணுக்குள் இருட்டில் பதினேழு வருஷத்தை எப்படி எண்ணுகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இதில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு தடவை இலையுதிர்ந்து தளிர்க்குமாறு செய்த பீச் மரங்களின் வேரில் 15 வயதுக் குஞ்சுகளை விட்டார்கள். அவை ஓராண்டு முன்னதாக வெளியே வந்துவிட்டன. ரிச்சர்ட் கார்பனும் கூட்டாளிகளும் 2000இல் எழுதியது. அவை எண்ணுவது வருஷத்தை அல்ல, மரம் தளிர்ப்பதை. சாறு மாறுவதை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று. நாள்காட்டியை வேரில் மாட்டி வைத்திருக்கிறது.

மேகாலயாவின் ரி-போய் மாவட்டத்தில் 4 ஆண்டுக்கு ஒரு தடவை வருகிற இனம் இருக்கிறது. 2018, 2022 என்று சரியாக உலகக்கோப்பைக் கால்பந்து வருஷத்தில் வரும். ஃபிஜியில் 8 ஆண்டுக்காரன் ஒருவன், 100 டாலர் நோட்டில் படமாகவே இருக்கிறான்.

ஏப்ரல் 24

குழந்தை சட்டைகளைத் தன் கவுனில் வரிசையாக மாட்டிக்கொண்டு பள்ளித் தோழிக்கு வீடியோ அழைப்பில் காட்டினாள். மறுபக்கம் அலறல். கொக்கி நகத்துக்கு இப்படியும் ஒரு பயன்.

மே 3

உங்கள் நோய்ச் சந்தேகத்தை நான் ஒரேயடியாகத் தள்ளியிருக்கக் கூடாது. சட்டைக்கு நோய் இல்லை, சரி. ஆனால் சில்வண்டை உள்ளிருந்து தின்கிற ஒன்று நிஜமாகவே இருக்கிறது. மாசோஸ்போரா என்ற பூஞ்சை. அமெரிக்க 17 ஆண்டுக்காரர்களில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். பூஞ்சை வயிற்றுக்குள் வளர்ந்து, வயிற்றின் பின்பகுதி கழன்று விழுந்து, அந்த இடத்தில் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வித்துத்தூள். பாதி வயிறு போன பிறகும் அது பறக்கும், துணை தேடும். ஆண் ஒன்று பெண் மாதிரி இறக்கையைச் சொடுக்கி வேறு ஆண்களை வரவழைத்து அவற்றுக்கும் ஒட்டிவிடும். அந்தப் பூஞ்சைக்குள் கேத்தினோன் என்ற தூண்டுபொருள் இருப்பதை 2019இல் கண்டுபிடித்தார்கள். ஓய்வே எடுக்காமல் திரிவதற்கு அது காரணமாக இருக்கலாம் என்பது ஊகம்.

ஆக, நீங்கள் கற்பனை செய்தது நடக்கிறது. உங்கள் கொய்யா மரத்தில் நடக்கவில்லை, அவ்வளவுதான். மனிதருக்கோ மரத்துக்கோ அது ஒட்டாது.

மே 9

பத்து நாளாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். தினமும் காலையில் சட்டைகளை எண்ணுவது, எந்த மரம், எவ்வளவு உயரம், ஆணா பெண்ணா என்று நோட்டில் குறிப்பது. சட்டையிலேயே பால் தெரியும். வயிற்று நுனியின் அடிப்பக்கம் பாருங்கள், முட்டையிடும் உறுப்பின் தடம் நடுவில் கோடாக இருந்தால் பெண், இல்லாவிட்டால் ஆண்.

மொத்தம் 43. எலுமிச்சையில் அதிகம், கொய்யாவில் குறைவு. எலுமிச்சையில் உள்ளவை கிட்டத்தட்ட எல்லாமே மூன்றடி உயரத்தில். அதற்கு ஒரு விளக்கமும் யோசித்து வைத்தேன்: பட்டையின் சொரசொரப்பு, காலை நிழல் விழும் பக்கம், அது இது என்று ஒன்றரைப் பக்கம்.

மே 9, மாலை

கணக்கைக் கிழித்துப் போட்டேன். கொய்யாவில் இருந்தவற்றைப் பிய்த்து எலுமிச்சையில் மாட்டியது குழந்தை. "அங்க அதுங்களுக்கு வெயில் அடிக்குது மாமா." மூன்றடி என்பது அவள் கை எட்டும் உயரம்.

மே 16

சத்தம் குறைந்துவிட்டது. மரத்தடியில் செத்தவை கிடக்கின்றன, இவை நிஜமாகவே செத்தவை. கூட்டித் தள்ள வேண்டாம், மண்ணுக்கு உரம். 2004இல் லூயி யாங் என்பவர் சில்வண்டு உடல்களை மண்ணில் போட்டுப் பார்த்ததில் மண்ணின் நுண்ணுயிரும் நைட்ரஜனும் கூடி, அங்கே முளைத்த செடியும் நன்றாக வந்தது.

இறக்கை மட்டும் மட்காமல் கிடக்கிறது. ஒன்றைக் கழுவிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியச் சில்வண்டு ஒன்றின் இறக்கையில் கண்ணுக்குத் தெரியாத ஊசி வரிசை இருப்பதையும், அதில் ஒட்டுகிற சில பாக்டீரியாக்கள் கிழிந்து சாவதையும் 2012இல் காட்டினார்கள். மருந்து எதுவும் தடவாமல், வடிவத்தால் மட்டும். அன்று என் கட்டைவிரல் பட்டதும் அப்படி ஒரு இறக்கையில்தான்.

மே 28

இரண்டு நல்ல மழை அடித்தும் கொய்யாவில் ஒரே ஒரு சட்டை மட்டும் விழாமல் இருக்கிறது. குழந்தை ஊருக்குப் போய்விட்டதால் இடம் மாற்ற ஆளில்லை. இன்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பிளவில் வெள்ளை நூல் தொங்கியது. மூச்சுக்குழாய் உறை என்று தெரிந்தவன் தோரணையில் குனிந்தேன். நாலைந்து இழைக்குப் பதில் ஒரு மெத்தையே இருந்தது. குச்சியால் லேசாகத் தொட்டதும் பிளவு வழியாக ஒரு குதிக்கும் சிலந்தி தலையை நீட்டி, எட்டுக் கண்ணாலும் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

கேட்டவருக்கு: முதுகைப் பிளந்துகொண்டு ஏதோ வெளியே வருகிறது என்றீர்களே. வந்தது. வாடகைக்கு இருக்கிறது.